65 சதுர மீட்டரில் மர வீடு: காரா, சுவரா?

வாசகர் கேள்வி:

வணக்கம் ஐயா. டோக்கியோவில் எடொகாவா வட்டத்தில், நிஷி-கசாய் ஸ்டேஷனுக்கு சைக்கிளில் போகும் தூரத்தில் 65 சதுர மீட்டர் மனை வாங்கியிருக்கிறோம். அகலம் 5.8 மீட்டர், நீளம் 11.2 மீட்டர். வடக்கே 3.6 மீட்டர் தெரு, மற்ற மூன்று பக்கமும் ஒட்டினாற்போல் வீடுகள். நான், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன். மாமியார் வருடத்துக்கு ஒருமுறை கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று மாதம் இருப்பார். அவருக்கு மூட்டுவலி. கட்டித்தரும் நிறுவனம் கொடுத்த வரைபடத்தில் கீழே கார் நிறுத்துமிடம், அதன்மேல் இரண்டு தளம், மொத்தம் நான்கு படுக்கையறை. எங்களிடம் இப்போது கார் இல்லை. ‘பின்னால் வாங்குவீர்கள், இல்லாவிட்டாலும் விற்கும்போது விலை கூடும்’ என்கிறார்கள். ‘பூகம்பம் வரும் ஊரில் மர வீடா?’ என்று அப்பா போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வங்கியிலோ மர வீட்டுக்கு ஆயுள் 22 வருடம் என்றார்கள். கரையான், தீ, வெள்ளம் எல்லாமே பயமாக இருக்கிறது. பூஜைக்கு எந்த மூலை என்பதும் தெரியவில்லை. அடுத்த வாரம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, அடுத்த வாரம் போடாதீர்கள். மர வீடு கட்டலாம், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்த வரைபடத்தில் மட்டும் கட்டாதீர்கள்.

முதலில் மனைக் கணக்கு. 65 சதுர மீட்டர் என்றால் 700 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதிலும் முழுதும் உங்கள் கைக்கு வராது. ஜப்பானியக் கட்டடச் சட்டப்படி தெரு 4 மீட்டர் இருக்க வேண்டும். உங்கள் தெரு 3.6 மீட்டர்தான். அதனால் தெருவின் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளித்தான் உங்கள் எல்லை தொடங்குவதாகக் கணக்கு, அதாவது 20 செ.மீ. பின்வாங்க வேண்டும். அந்தத் துண்டுக்கும் நீங்கள்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் அதில் வேலிகூடப் போட முடியாது. மிஞ்சுவது 63.8 சதுர மீட்டர்.

நீங்கள் அனுப்பிய தாள்களில், மனையில் கட்டடம் அடைக்கக்கூடிய தரைப்பரப்பு விகிதம் 60%, மொத்தத் தளப்பரப்பு விகிதம் (நம் ஊரில் எஃப்எஸ்ஐ என்பார்கள்) 200% என்று இருக்கிறது. 200% என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் தெரு குறுகலாக இருந்தால் தெரு அகலத்தை 0.4 ஆல் பெருக்கி வருவதுதான் உச்சவரம்பு. பின்வாங்கிய பிறகு உங்கள் தெரு 4 மீட்டராகக் கணக்கு, அதற்கு 160%. ஆக உங்களுக்குக் கிடைக்கும் மொத்தத் தளப்பரப்பு 102 சதுர மீட்டர். தரையில் கட்டடம் அடைக்கக்கூடியது 38 சதுர மீட்டர்.

இங்கே ஒரு சலுகை இருக்கிறது, உங்கள் வரைபடத்தில் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. உங்கள் மனை ‘ஜுன்-போகா’ எனப்படும் இரண்டாம் நிலைத் தீத்தடுப்பு வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே சட்டம் கேட்பதைவிட ஒரு படி மேலாக, 45 நிமிடம் தீயைத் தாங்கும் ‘ஜுன்-தைகா’ தரத்தில் வீட்டைக் கட்டினால் 2019 திருத்தத்தின்படி தரைப்பரப்பில் 10% கூடுதலாகக் கிடைக்கும். 60% என்பது 70% ஆகிவிடும், 38 என்பது 44.6 ஆகும். கூடுதல் செலவு பெரும்பாலும் ஜிப்சம் போர்டிலும் ஆள் கூலியிலும்தான்.

இதை வைத்து இரண்டு தளத்தில் ஒரு வீடு வரைந்து பார்த்தேன். இங்கே மர வீட்டின் அளவுகோல் 91 செ.மீ. தூணும் உத்திரமும் பலகையும் ஜன்னலும் எல்லாம் அந்த அளவை ஒட்டியே தொழிற்சாலையில் அறுபட்டு வருகின்றன. அதை மீறி வரைந்தால் மரமும் வீண், கூலியும் வீண். அகலத்தில் ஐந்து கட்டம், நீளத்தில் பத்துக் கட்டம்: 4.55 மீட்டருக்கு 9.1 மீட்டர். தளத்துக்கு 41.4 சதுர மீட்டர், இரண்டு தளமும் சேர்த்து 82.8. இந்த ஊர்க் கணக்கில் 25 ட்சுபோ. இரண்டு பக்கமும் சுவருக்கு வெளியே 50 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் இடைவெளி நிற்கும். ஜப்பானியக் குடிமைச் சட்டம் 234ஆம் பிரிவு கேட்பதும் அந்த 50 செ.மீ.தான். தெருப்பக்கம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். நான்கு சைக்கிள் நிற்கும்.

இனி உங்கள் மூன்று தள வரைபடம். தளத்துக்கு 37 சதுர மீட்டர் வீதம் மூன்று தளம், அதில் காருக்கு 13 போக 98 சதுர மீட்டர். என்னுடையதைவிட 15 சதுர மீட்டர் கூட என்று தோன்றும். ஆனால் படிக்கட்டு ஒவ்வொரு தளத்திலும் 3.3 சதுர மீட்டரை விழுங்கும், ஒவ்வொரு தளத்திலும் அறைகளுக்குப் போக நடை வேண்டும். உங்கள் வரைபடத்தில் படியும் நடையும் சேர்ந்து 20 சதுர மீட்டர் போகிறது. இரண்டு தள வீட்டில் இது 10க்குள் அடங்கும். ஆக மனிதர் புழங்கும் இடம் அங்கே 78, இங்கே 73. மூன்றாம் தளத்தில் தூங்குகிறவர் நடு இரவில் இரண்டு மாடி இறங்காமல் இருக்க இன்னொரு கழிப்பறையும் வேண்டிவரும். மிச்சமிருக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று ததாமிப் பாய் அகலம் (அறையை அளக்க இங்கே தரைப்பாய்தான் கணக்கு, ஒரு பாய் சுமார் 1.65 சதுர மீட்டர்). அதற்காக ஒரு தளத்தையே கட்டி, ஆயுளுக்கும் ஏறி இறங்க வேண்டுமா? நான்கு படுக்கையறை என்பது விளம்பரத் தாளுக்கான எண். உங்கள் குடும்பத்துக்கு அது தேவை என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

பரப்பை விடுங்கள், எனக்கு உண்மையான கவலை முன்சுவர்.

குறுகலான மனையில் நீளவாட்டில் சுவருக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டை ஒட்டி இரண்டு பக்கமும் 9 மீட்டர் சுவர் ஓடுகிறது. அகலவாட்டில்தான் பஞ்சம். தெருப்பக்கச் சுவர் மொத்தமே 4.55 மீட்டர். அதில் காருக்கு 2.5 மீட்டர் வாய், பக்கத்தில் 90 செ.மீ. வாசல் என்று வெட்டினால் மிஞ்சும் சுவர் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அதன்மேல் இரண்டு தளமும் கூரையும். உள்தட்டை உருவிய தீப்பெட்டி உறையைப் பக்கவாட்டில் தள்ளினால் எப்படிச் சாய்கிறதோ, அப்படித்தான் இந்தத் தரைத்தளமும் பூகம்பத்தில் சாயப் பார்க்கும்.

இதைச் சட்டமும் கவனிக்கிறது. 2000 ஜூனில் வந்த திருத்தத்திலிருந்து, வீட்டின் நீளத்தை நான்காகப் பிரித்து, முன் கால்பகுதியிலும் பின் கால்பகுதியிலும் இருக்கும் சுவர்பலத்தை ஒப்பிட வேண்டும். பின்னால் முழுச்சுவர், முன்னால் வெறும் வாய் என்றால் வீடு நேராக ஆடாது, முறுக்கிக்கொள்ளும். மூன்று தள மர வீட்டுக்கு முழுக் கட்டமைப்புக் கணக்கீடு கட்டாயம் என்பதால் உங்கள் வரைபடத்தையும் யாராவது கணக்குப் போட்டு நிற்கவைத்துவிடுவார்கள். கனமான உத்திரம், விசேஷ இரும்புச் சட்டம், பெரிய பிடிப்புக் கம்பிகள் என்று வரும். செய்ய முடியாததல்ல. ஆனால் அந்தப் பணம் முழுதும் இன்னும் வாங்காத ஒரு காருக்காகப் போகும்.

காரை எடுத்துவிட்டால் அதே முன்சுவரில் வாசல் 91 செ.மீ., ஒரு ஜன்னல் 91 செ.மீ. போக 2.7 மீட்டர் சுவர் நிற்கும். தூண்களுக்கு வெளியே 9 மி.மீ. கட்டமைப்பு ப்ளைவுட்டை விதிப்படி ஆணி நெருக்கி அடித்தால் அந்தச் சுவரே வீட்டைப் பிடித்துக்கொள்ளும்.

பின்னால் கார் வாங்கினால் என்ன செய்வது? டோக்கியோவில் காரைப் பதிவுசெய்ய நிறுத்துமிடச் சான்று வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கி.மீ.க்குள் இருந்தால் போதும், வீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். விற்கும்போது விலை கூடும் என்ற வாதமும் எனக்கு ஒப்பவில்லை. இந்த ஊரில் பழைய மர வீட்டோடு மனை விற்கும்போது விலை பேசுவது பெரும்பாலும் மண்ணுக்குத்தான்.

அந்த 22 வருடக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மரக் குடியிருப்பின் மதிப்பை வரிக்கணக்கில் எத்தனை வருடத்தில் தேய்த்து எழுத வேண்டும் என்பதற்கான எண் அது. கடன் கொடுப்பவர்களுக்கு அது வசதி, அவ்வளவுதான். 23ஆம் வருடம் தூணுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

இனி உங்கள் அப்பாவுக்கு. ‘மர வீடா?’ என்று கேட்பதைவிட ‘எந்த வருடத்து விதிப்படி கட்டிய மர வீடு?’ என்று கேட்பதுதான் சரி. 2016 ஏப்ரல் 14, 16 தேதிகளில் குமமோத்தோ மாகாணத்தின் மஷிகி ஊர் ஜப்பானிய அளவுகோலின் உச்சமான 7ஆம் நிலை அதிர்வை இரண்டு முறை வாங்கியது. பிறகு ஆய்வாளர்கள் அங்கே மர வீடுகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். 1981க்கு முந்தைய விதிப்படி கட்டியவற்றில் 28.2% இடிந்து விழுந்திருந்தன. 1981க்கும் 2000க்கும் இடையே கட்டியவற்றில் 8.7%. 2000க்குப் பிந்தையவற்றில் 2.2%. பூகம்பத் தாங்குதரத்தில் உச்சமான 3 வாங்கிய வீடுகள் அந்தப் பகுதியில் 16 இருந்தன. அவற்றில் 14க்குச் சேதமே இல்லை, இரண்டுக்குச் சிறு சேதம்.

2000இல் மாறியது மரம் அல்ல, மூட்டுகள். தூண் அடிக்கட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேலெழாமல் இருக்க எந்த மூட்டில் எந்த இரும்பு போட வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவாக வரையறுக்கப்பட்டது. தாங்குதரம் 1 என்பது சட்டத்தின் குறைந்தபட்சம், 3 என்பது அதைப்போல் ஒன்றரை மடங்கு. நீங்கள் 3 கேளுங்கள். ‘3க்குச் சமமானது’ என்று வாயால் சொன்னால் போதாது, கணக்கீட்டுத் தாளும் சான்றிதழும் கையில் வர வேண்டும். அந்தச் சான்றிதழ் இருந்தால் பூகம்பக் காப்பீட்டுப் பிரீமியம் பாதியாகக் குறையும். முன்பெல்லாம் இரண்டு தள மர வீட்டின் கட்டமைப்புத் தாள்களை அனுமதிக்குக் கொடுக்கவே வேண்டியதில்லை, வடிவமைப்பாளர் கையெழுத்தோடு போய்விடும். 2025 ஏப்ரலிலிருந்து அதையும் கொடுக்க வேண்டும். காலதாமதம் என்று தொழிலில் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு இது நல்ல மாற்றமாகவே படுகிறது.

தீயைப் பற்றி. நீங்கள் மனதில் வைத்திருக்கும் மர வீடு செட்டிநாட்டுத் தேக்குத் தூண் வீடாக இருக்கலாம். டோக்கியோ மர வீட்டில் வெளியே மரம் கண்ணிலேயே படாது. தூணும் உத்திரமும் சுகி, ஹினோகி போன்ற மரங்கள். வெளியே சிமென்ட் கலந்த சைடிங் எனப்படும் வெளிச்சுவர்ப் பலகை, உள்ளே ஜிப்சம் போர்டு. தீ மரத்தைத் தொட முதலில் இவற்றைத் தாண்ட வேண்டும். உங்கள் மனையில் தீ வரும் வழி ஜன்னல்கள்தான். தரைத்தளத்தில் பக்கத்து எல்லையிலிருந்து 3 மீட்டருக்குள்ளும், மாடியில் 5 மீட்டருக்குள்ளும் உள்ள ஜன்னல்கள் தீத்தடுப்பு வகையாக இருக்க வேண்டும். 5.8 மீட்டர் அகல மனையில் அந்தக் கோட்டுக்கு வெளியே எந்த ஜன்னலும் போகாது. விலை சாதாரண ஜன்னலைவிட நன்றாகவே கூடும். அதனால் சின்னச் சின்னதாகப் பத்து ஜன்னல் வைக்காமல், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் குறைவாக வையுங்கள்.

கரையான் இங்கேயும் உண்டு. தரையை ஒட்டி ஓடும் அடிக்கட்டையை ஹினோகியில் கேளுங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை மருந்தடிப்பது வழக்கம், அதற்கு உத்தரவாதம் பொதுவாக ஐந்து வருடம். பிறகு திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் கரையானைக் கூப்பிடுவது ஈரம். இங்கேதான் ஒரு எச்சரிக்கை: குறுகல் மனை வீடுகளில் இறவாரமே இல்லாமல் கூரையைச் சுவரோடு வெட்டிவிடுகிறார்கள். பார்க்கப் பெட்டி மாதிரி அழகாக இருக்கும். மழைநீர் முதலில் நுழைவது கூரையும் சுவரும் சேரும் அந்த விளிம்பில்தான். உங்களுக்குக் கிடைக்கும் 50 செ.மீ.யில் 25 செ.மீ. இறவாரம் வைக்கலாம். விடாதீர்கள். மொட்டைமாடி ஆசையையும் விட்டுவிடுங்கள். வடாம் காயப்போடவும் நிலா பார்க்கவும் இடம் இல்லாமல் போகும்தான். ஆனாலும் சின்ன மர வீட்டில் சரிவுக் கூரைக்கு இணையில்லை. புது வீட்டில் மழைநீர் ஒழுகினால் பத்து வருடம்வரை கட்டியவர் பொறுப்பு, அது சட்டம். பதினோராம் வருடம் உங்கள் பொறுப்பு.

இதெல்லாம் போக, உங்கள் மனைக்கே உரிய ஒன்று இருக்கிறது. எடொகாவா வட்டத்தின் நிலப்பரப்பில் சுமார் 70% கடலேற்ற மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 2019இல் வட்ட நிர்வாகம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே ‘இங்கே இருக்கக் கூடாது’ என்ற பொருளில் அச்சிட்டிருந்தார்கள். பெரும் புயல் வருகிறது என்றால் வட்டத்தை விட்டே வெளியேறச் சொல்வார்கள், போய்விட வேண்டும். மாடியில் உட்கார்ந்து சமாளித்துவிடலாம் என்று எந்த வடிவமைப்பாளர் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் திரும்பி வரும்போது எது நனைந்திருக்கும், எது மிஞ்சியிருக்கும் என்பதை வடிவமைப்பு தீர்மானிக்கும். மின்பெட்டியை மாடியில் வையுங்கள். பிரிட்ஜ், அடுப்பு, பத்திரங்கள் எல்லாம் மாடியில்.

அதாவது சமையலறையும் கூடமும் மாடியில், படுக்கையறைகள் கீழே. வெளிச்சமும் இதையேதான் கேட்கிறது. தெற்கே வீடு ஒட்டி நிற்பதால் உங்கள் தரைத்தளத்துத் தெற்கு ஜன்னலுக்கு வெயில் வராது. சட்டப்படி அதை வெளிச்சம் தரும் ஜன்னலாகக்கூடக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மாடியில் அப்படியல்ல. தட்டையான கூரைத்தளம் போடாமல் கூரைச் சரிவோடு உட்புறத்தை உயர்த்தி, தெற்குச் சுவரின் மேல்பகுதியில் நீளமாக ஒரு ஜன்னல் வைத்தால் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலாக குளிர்கால வெயில் உள்ளே வரும். கூரையிலேயே ஜன்னல் வேண்டுமென்றால் வடக்குச் சரிவில் வையுங்கள். தெற்குச் சரிவில் வைத்தால் ஜூலையில் என்னைத் திட்டுவீர்கள். பக்கத்து மனையை நேரே பார்க்கும் ஜன்னல் எல்லையிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால் மறைப்பு வைக்க வேண்டும் என்பதும் குடிமைச் சட்டத்தில் இருக்கிறது. பக்கவாட்டு ஜன்னல்களுக்கு மங்கலான கண்ணாடியே போட்டுவிடுங்கள்.

சின்ன வீட்டில் இடத்தை வெறுமையாக விடுவது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு இங்கே ஒரு பழைய உதாரணம் உண்டு. போருக்குப் பின் மரத்துக்கும் பணத்துக்கும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், 1952இல், மசுஸவா மகோதோ என்ற கட்டடக் கலைஞர் தனக்கென ஒரு மர வீடு கட்டினார். தரையில் வெறும் 9 ட்சுபோ, ஏறக்குறைய 30 சதுர மீட்டர். மாடியில் அந்த ஒன்பதிலும் மூன்றைத் தளம் போடாமல் திறந்தே விட்டார். மொத்தம் 15 ட்சுபோ, 50 சதுர மீட்டர். இன்றும் அதைப் பார்த்து வரைகிறார்கள். உங்கள் வீட்டில் தளத்தைத் திறந்துவிடும் அளவுக்கு இடம் இல்லை. ஆனால் கூரையின் உயரத்தை எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பரப்பளவுக் கணக்கு இல்லை.

இப்போது மாமியார். மூட்டுவலி என்றால் தரைத்தளத்தில் அறை என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நான் அவரை மாடியில் வைக்கச் சொல்வேன். யோசித்துப் பாருங்கள். கீழே அறை கொடுத்தால் காலையில் காபிக்கு ஏற வேண்டும், சாமி கும்பிட ஏற வேண்டும், பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் ஏற வேண்டும், மதியம் படுக்க இறங்க வேண்டும். ஏறாமல் இருந்தாலோ வெயில் படாத அறையில் நாளெல்லாம் தனியாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு கும்பகோணத்தை விட்டு வருவது அதற்கா? கூடத்தை ஒட்டி மூன்று ததாமிப் பாய் அகலத்தில் ஒரு இடம், ஒரு பாய் அளவில் அலமாரி, ராத்திரி மூடிக்கொள்ளச் சறுக்குக் கதவு, எட்டும் தூரத்தில் கழிப்பறை. குளிக்கவும் வெளியே போகவும் மட்டும் இறங்கினால் போதும். அவர் ஊரில் இருக்கும் ஒன்பது மாதமும் அது பிள்ளைகள் படிக்கும் இடம், துணி மடிக்கும் இடம். தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர் என்றால் பாய்த்தளத்தைக் கூடத்தைவிட 40 செ.மீ. உயர்த்திவிடுங்கள். திண்ணை போல விளிம்பில் உட்கார்ந்து எழலாம், அடியில் இழுப்பறைகளும் வைக்கலாம்.

மாடியின் 25 பாய் பரப்பில் இதற்கு நான்கு, படிக்கு இரண்டு, கழிப்பறைக்கு ஒன்று போக சமையலறையும் கூடமும் சேர்த்துப் பதினெட்டு பாய் கிடைக்கும். 320 சதுர அடி. நிஷி-கசாய் அடுக்குமாடிகளில் நீங்கள் பார்த்த பல கூடங்களைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

கீழே 25 பாயில் வாசல், படி, நடை, குளியல், துணி துவைக்கும் இடம், கழிப்பறை எல்லாம் பதினொன்றில் அடங்கும். மீதி பதினான்கில் தெருப்பக்கம் எட்டு பாயில் பிள்ளைகளின் அறை, பின்னால் ஆறில் உங்கள் அறை. பின்னறைக்கு வெளிச்ச ஜன்னல் கணக்கில் வராது என்பதால் அதைச் சட்டப்படி படுக்கையறை என்று எழுத முடியாமல் ‘எஸ்’ என்று சேமிப்பறையாகக் காட்டுவது இங்கே வழக்கம். வீட்டு விளம்பரங்களில் ‘2எல்டிகே+எஸ்’ என்று பார்த்திருப்பீர்கள்: இரண்டு அறை, கூடம்-சாப்பிடும் இடம்-சமையலறை, கூடவே ஒரு சேமிப்பறை. இரண்டு அறைக்கும் நடுவே சறுக்குக் கதவு வைத்து இரண்டையும் ஒரே அறையாகக் கணக்குக் காட்டினால் தெருப்பக்க ஜன்னலே இரண்டுக்கும் போதும். மகனுக்கு 4 வயது என்பதால் இப்போதைக்கு உங்களுக்கும் அதுதான் வசதி. பிள்ளைகள் அறையை இப்போதே இரண்டாகத் தடுக்காதீர்கள். மகள் கேட்கும்போது நடுவில் ஒரு தடுப்பு வந்தால் போதும், அதற்கு வேண்டிய விளக்கு, பிளக் பாயின்ட்டுகளை மட்டும் இரண்டிரண்டாக இன்றே வைத்துவிடுங்கள்.

படிக்கட்டைச் சட்டத்தின் குறைந்தபட்சத்தில் விட்டுவிடாதீர்கள். படி உயரம் 23 செ.மீ.வரை, மிதி 15 செ.மீ.வரை அனுமதி உண்டு, அது ஏணிதான். தளங்களுக்கு இடையே 2.8 மீட்டர் என்று வைத்து 14 படி கேளுங்கள், ஒரு படி 20 செ.மீ. வரும். நடுவில் ஒரு திருப்பமும் நிற்க இடமும், இரண்டு பக்கமும் கைப்பிடியும் வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் இடத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

சமையலறை மாடியில் வருவதால் இன்னொரு லாபம். பல தள வீட்டில் நெருப்பு எரியும் அடுப்புள்ள அறையின் சுவருக்கும் கூரைக்கும் மரப்பலகை அடிக்கக் கட்டுப்பாடு உண்டு, ஆனால் மேல்தளத்துக்கு அது கிடையாது. கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டே தலைக்கு மேல் சுகிப் பலகை அடிக்கலாம். மர வீட்டில் இருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிவது அங்கே மட்டும்தான், அதனால் அந்தச் செலவை நான் குறைக்கச் சொல்ல மாட்டேன். புகைபோக்கியின் வாயை மட்டும் தெருப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பக்கவாட்டில் விட்டால் உங்கள் வற்றல் தாளிப்பு நேரே அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் போகும். அக்கம்பக்கத்தாரோடு முப்பது வருடம் இருக்கப்போகிறீர்கள்.

பெட்டி, பண்டிகைப் பாத்திரம், கோடையில் கம்பளிகள்: இதற்கெல்லாம் கூரைக்கடியில் பரண். உள்ளுயரம் 1.4 மீட்டருக்குள்ளும், பரப்பு கீழ்த்தளத்தின் பாதிக்குள்ளும் இருந்தால் தளப்பரப்புக் கணக்கில் சேராது. குளிர்தடுப்பில் 2025 ஏப்ரலிலிருந்து தரம் 4 கட்டாயம். 5ஆவது கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் மண் பரிசோதனை. மனையின் நான்கு மூலையிலும் நடுவிலும் கம்பி இறக்கிப் பார்ப்பது அரைநாள் வேலை. உங்கள் பகுதி ஆற்றுப் படிவு மண். 2011 மார்ச்சில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உராயசுவில் மண் குழம்பாகி வீடுகள் சாய்ந்தது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் சிமென்ட் கலந்த மண்தூண்கள் போட வேண்டிவரும், அந்தச் செலவு உங்களிடம் காட்டிய மதிப்பீட்டில் ‘தனி’ என்று ஒற்றை வார்த்தையில் இருக்கிறது. அந்த ‘தனி’களை எல்லாம் தொகையாக எழுதித் தரச் சொல்லுங்கள்: மண் வலுவூட்டல், தீத்தடுப்பு ஜன்னல், 50 செ.மீ. சந்தில் சாரம் கட்டும் கூலி, 3.6 மீட்டர் தெருவில் பெரிய லாரி நுழையாததால் சிறு வண்டியில் மரம் கொண்டுவரும் செலவு, போக்குவரத்துக் காவலாள். இவற்றோடு தாங்குதரம் 3, ஜுன்-தைகா, இரண்டு தளம் என்று மாற்று வரைபடமும் கேளுங்கள். அதே நிறுவனம் வரைந்து தரட்டும், தவறில்லை. ‘எங்கள் மாதிரியில் அது இல்லை’ என்றால் வேறு இடம் பாருங்கள்.

பூஜை. ஈசானிய மூலை உங்கள் வீட்டில் தெருவைப் பார்த்த வடகிழக்கு. மாடியில் அது கூடத்தின் மூலையாக அமைகிறது, கிழக்குச் சுவரில் மாடம் வைக்கத் தோதான இடம். அங்கே ஜன்னல் வைக்க வேண்டாம், சுவரின் பலத்துக்கும் அதுவே நல்லது. மாடம் செதுக்கும்போது உள்ளேயும் ஜிப்சம் போர்டு தொடர வேண்டும் என்று தச்சரிடம் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 45 நிமிடக் கணக்கு அந்த ஓட்டையிலேயே போய்விடும். டோக்கியோவில் புகை எச்சரிக்கைக் கருவி எல்லா அறையிலும் கட்டாயம். சமையலறைக்கு மட்டும் வெப்பத்தை உணரும் வகையைப் போட்டுக்கொள்ளலாம், கூடத்துக்குப் புகை வகைதான். அதை மாடத்துக்கு எதிர்ப்பக்க ஓரமாக மாட்டச் சொல்லி, சாம்பிராணி போடும் நாளில் புகைபோக்கி விசிறியை முன்கூட்டியே ஓடவிடுங்கள்.